சோயா குடித்தால் எலும்பு இரும்பாகுமா?

வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

இரண்டு இதழ்களுக்கு முன் எலும்பு அடர்த்தி பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சோயாவைப் பற்றித்தான். எனவே இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அப்புறம் ஒன்று: பலர் 'டாக்டரம்மா' என்று எழுதுகிறீர்கள். நான் டாக்டர் இல்லை. மருத்துவமனை உணவுப் பிரிவில் 30 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தட்டில் என்ன இருக்கலாம் என்று சொல்வேன். மாத்திரையை உங்கள் மருத்துவர் சொல்வார்.

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 52 வயது. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்புக்கு டி-ஸ்கோர் -1.6 வந்தது. டாக்டர் இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்றார். என் அம்மாவுக்கு 71 வயதில் இடுப்பு எலும்பு உடைந்தது, அந்தப் பயம் எனக்கு இருக்கிறது. தோழி ஒருத்தி தினமும் சோயா புரோட்டீன் பவுடர் குடிக்கிறாள். "சோயாவிலேயே பெண் ஹார்மோன் இருக்கு, எலும்பு இரும்பாயிடும்" என்கிறாள். நானும் குடிக்கலாமா?

குடியுங்கள், தப்பில்லை. ஆனால் எலும்பு இரும்பாகாது. ஆகவும் வேண்டாம். அடி விழும்போது துளி வளைந்து கொடுப்பதுதான் எலும்பின் சாமர்த்தியம். அந்த வளைவைத் தருவது புரதம். பள்ளிக்கூடத்தில் ஒரு சோதனை செய்வார்கள், உங்களுக்கு நினைவிருக்கலாம். கோழிக்கால் எலும்பை வினிகரில் சில நாள் ஊறப்போடுவார்கள். கால்சியமெல்லாம் கரைந்து போய், ரப்பர் மாதிரி வளைகிற ஒரு தண்டு மிஞ்சும். அது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வகைப் பொருள். ஆகவே எலும்புக்குப் புரதம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. தாவரப் புரதங்களில் சோயாவுக்கு இணை குறைவு. உடம்பால் செய்துகொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் அதில் உண்டு. இதுவரைக்கும் உங்கள் தோழியோடு எனக்குச் சண்டை இல்லை.

அந்த ஹார்மோன் பேச்சில்தான் சண்டை. அது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் எலும்பு ஒரு பக்கம் இடிபட்டுக்கொண்டும் இன்னொரு பக்கம் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கும். இடிப்பதற்கு ஒரு வகை செல், கட்டுவதற்கு வேறு வகை செல். இடிக்கிற கையைக் கொஞ்சம் பிடித்து வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நின்றதும் அந்தப் பிடி தளர்கிறது. அதற்கடுத்த ஐந்து முதல் ஏழு வருஷத்தில் சில பெண்களுக்கு எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரைகூடக் குறையலாம். பாஸ்டனில் இருந்த ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற மருத்துவர் இந்தத் தொடர்பை 1940களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். சரி, குறைவது ஈஸ்ட்ரோஜன் என்றால் அதையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? கொடுத்தார்கள், எலும்புக்கு வேலையும் செய்தது. 2002இல் அமெரிக்காவில் 16,000க்கும் அதிகமான பெண்களை வைத்து நடந்த ஹார்மோன் ஆய்வில் இடுப்பு எலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆனால் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டு எல்லாம் கூடியிருந்ததால் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் வார்டில் பெண்கள் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டே வந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஹார்மோன் வேண்டாம், ஆனால் அதன் பலன் மட்டும் வேண்டும் என்று எல்லாரும் தேடிய அந்த நேரத்தில் கைக்கு வசதியாகக் கிடைத்தது சோயா. அதில் ஐசோஃப்ளேவோன் என்ற பொருள்கள் இருக்கின்றன. ஜெனிஸ்டீன், டைட்சீன் என்று இரண்டு முக்கியமானவை. ஈஸ்ட்ரோஜனோடு தூரத்துச் சொந்தம்போல ஒரு முகஜாடை அவற்றுக்கு உண்டு. அந்த ஜாடையைப் பார்த்து உடம்பு உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே போனபின் வேலை அந்த அளவுக்கு நடக்கிறதா என்பதுதான் கேள்வி. 1998இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 66 பெண்களுக்கு ஆறு மாதம் தினம் 40 கிராம் சோயா புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். ஐசோஃப்ளேவோன் அதிகம் இருந்த புரதம் குடித்தவர்களுக்கு முதுகெலும்பு அடர்த்தி இரண்டு சதவீதம்போல ஏறியது. அதைக் கேட்ட நாங்கள் எல்லாரும் துள்ளினோம்.

பெரிய ஆய்வுகள், நீண்ட ஆய்வுகள் என்று வர வர அந்தத் துள்ளல் அடங்கியது. 2004இல் நெதர்லாந்தில் 60 முதல் 75 வயதுவரை உள்ள 202 பெண்களுக்கு ஒரு வருஷம் சோயா புரதம் கொடுத்தார்கள். சோயா குடித்தவர்களுக்கும் பால் புரதம் குடித்தவர்களுக்கும் எலும்பு அடர்த்தியில் வித்தியாசம் இல்லை. 2010இல் வெளிவந்த மூன்று வருஷ அமெரிக்க ஆய்வில், அதிக அளவு ஐசோஃப்ளேவோன் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் மட்டும் லேசான பலன் தெரிந்தது. முதுகெலும்பில் ஒன்றுமில்லை.

அப்படியானால் கதை முடிந்ததா என்றால், முடியவில்லை. ஷாங்காயில் மாதவிடாய் நின்ற 24,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சராசரியாக நாலரை வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2005இல் வந்தது. தினம் 13 கிராமுக்கு மேல் சோயா புரதம் சாப்பிட்டவர்களுக்கு, 5 கிராமுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட எலும்பு முறிவு 37 சதவீதம் குறைவு. 13 கிராம் ஒன்றும் மலையில்லை, இரண்டு டம்ளர் சோயா பாலில் வந்துவிடும். மாதவிடாய் நின்று அதிக வருஷம் ஆகாதவர்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாக இருந்தது.

இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது? ஷாங்காய்ப் பெண்கள் சின்ன வயதிலிருந்தே சோயாவை உணவாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். நெதர்லாந்துப் பெண்களுக்கு அறுபது வயதுக்கு மேல் பவுடராகக் கையில் வந்தது. தவிர, அதிகம் சோயா சாப்பிடுகிற பெண் வேறு விஷயங்களிலும் கவனமாக இருப்பாள், அதை ஆய்வுக் கணக்கிலிருந்து முழுசாகக் கழிக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. டைட்சீனை ஈக்வால் என்ற வலுவான பொருளாக மாற்றும் குடல் பாக்டீரியா எல்லாரிடமும் இல்லை. மேற்கத்தியர்களில் நாலில் ஒருவரிடமும், ஆசியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடமும் அது இருக்கும் என்பது பொதுவான கணக்கு. நீங்கள் எந்தப் பக்கம் என்பது பவுடர் டப்பாவில் எழுதியிருக்காது.

டப்பா என்றதும் ஞாபகம் வருகிறது. பவுடர் செய்யும்போது சில முறைகளில் சோயாவை ஆல்கஹாலில் கழுவுகிறார்கள். அதில் ஐசோஃப்ளேவோனில் பெரும்பகுதி போய்விடும். உங்கள் தோழி ஹார்மோன் என்று நினைத்துக் குடிப்பதில் புரதம் மட்டுமே இருக்கவும் கூடும். பாவம், அதை அவரிடம் சொல்லிச் சண்டை மூட்டிவிடாதீர்கள்.

இப்போது உங்கள் விஷயம். டி-ஸ்கோர் -1க்கும் -2.5க்கும் நடுவில் இருந்தால் எலும்பு மெலிய ஆரம்பித்திருக்கிறது, எலும்புப்புரை என்ற நோய் ஆகவில்லை என்று பொருள். ஆனால் அம்மாவின் இடுப்பு முறிவைப் பற்றி மருத்துவரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் இல்லை, அதனால்தான் கேட்கிறேன். அடுத்த பத்து வருஷத்தில் எலும்பு முறியும் வாய்ப்பைக் கணக்கிட ஃப்ராக்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது. அதில் பெற்றோருக்கு இடுப்பு எலும்பு உடைந்ததா என்பது தனிக் கேள்வி. சொல்லாவிட்டால் கணக்கே மாறிவிடும். முதலில் அதைச் செய்யுங்கள், பவுடர் அப்புறம்.

சாப்பாட்டில், உங்கள் எடை 60 கிலோ என்றால் நாளைக்கு 60 முதல் 70 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 15, 20 கிராம் சோயாவிலிருந்து வந்தால் நல்லது. காய்ந்த மீல் மேக்கர் 40 கிராம் போட்டாலே 20 கிராம் புரதம் ஆகிவிடும். பவுடர் கட்டாயமில்லை. கால்சியம், உணவையும் சேர்த்து, 1,200 மில்லிகிராம். வெறும் நடை மட்டும் போதாது, எடை தூக்குங்கள். 2018இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், எலும்பு மெலிந்த பெண்கள் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, கனமான எடை தூக்கினார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் ஏறியது. சோயா புரத ஆய்வுகளில் இந்த எண்ணை நான் பார்த்ததில்லை. தனியாக முயற்சி செய்யாதீர்கள், தூக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

கேள்வி: புரதம் அதிகமானால் கால்சியம் சிறுநீரில் போய்விடும் என்று படித்தேன். அப்படியென்றால் சோயாவும் எலும்பை அரிக்குமே?

ஒரு காலத்தில் நாங்களே இதை நோயாளிகளுக்குச் சொல்லியனுப்பினோம். புரதம் கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடுவது உண்மைதான். அது எலும்பிலிருந்து கரைந்து வருகிறது என்று எடுத்துக்கொண்டது எங்கள் தப்பு. கால்சியத்துக்கு அடையாளம் வைத்துப் பின்தொடர்ந்து பார்த்தபோது, புரதம் அதிகம் சாப்பிடும்போது குடல் அதிகமாக உறிஞ்சிக்கொள்வதும், அந்த உபரிதான் பெரும்பாலும் வெளியே போகிறது என்பதும் தெரிந்தது. வயதானவர்களிடம் விஷயம் தலைகீழ். 2000இல் வெளியான ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் புரதம் குறைவாகச் சாப்பிட்ட முதியவர்களுக்குத்தான் எலும்பு அதிகம் குறைந்தது. கால்சியம் போதுமான அளவு சாப்பிட்டால் இந்தப் பயம் வேண்டாம்.

கேள்வி: வயது 61, ஆண். வீட்டில் மனைவி எல்லாவற்றிலும் சோயாவைப் போடுகிறாள். என் எலும்புக்கும் நல்லதாம். எனக்கு வேறு பயம். பெண் ஹார்மோன் என்கிறார்களே... நேரடியாக எழுதக் கூச்சமாக இருக்கிறது.

புரிந்தது ஐயா. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய 2010 ஆண்டின் ஆய்வு ஒன்று, சோயாவால் ஆண்களின் டெஸ்டோஸ்டீரோன் அளவு மாறுவதில்லை என்று சொல்கிறது. மார்பு பெருத்துப்போன ஒருவரைப் பற்றி மருத்துவ இதழில் வந்தது உண்மை. அவருக்கும் உங்கள் வயது போலத்தான், 60. ஆனால் அவர் தினமும் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகச் சோயா பால் குடித்தவர்! நிறுத்தியதும் சரியாகிவிட்டது. எலும்புக்கு நல்லதா என்றால், சிங்கப்பூரில் 63,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில் அதிகம் சோயா சாப்பிட்ட பெண்களுக்கு இடுப்பு முறிவு குறைந்தது. ஆண்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. புரதம் என்ற கணக்கில் சாப்பிடுங்கள். மனைவி சமைத்தது வீணாக வேண்டாம்.

கேள்வி: நான் பால், முட்டை எதுவும் தொடுவதில்லை. மூன்று வருஷமாகச் சோயா பால்தான். எலும்புக்கு இது போதும்தானே மேடம்?

எந்தச் சோயா பால் என்பதைப் பொறுத்தது. வீட்டில் ஊறவைத்து அரைத்துப் பிழிந்தது என்றால், 250 மில்லியில் 60 மில்லிகிராம் போலத்தான் கால்சியம் இருக்கும். அதே அளவு பசும்பாலில் 300 வரை. புரதத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், கால்சியத்தில் இல்லை.

பெட்டியில் வருவது என்றால், கால்சியம் சேர்த்திருக்கிறார்களா என்று பின்பக்கம் பாருங்கள். கால்சியம் கார்பனேட் என்றிருந்தால் உடம்பு பசும்பால் அளவுக்கே உறிஞ்சும். டிரைகால்சியம் பாஸ்பேட் என்றால் அதில் முக்கால் பங்குதான். இதைவிட முக்கியமான ஒன்று யாரும் சொல்வதில்லை: சேர்த்த கால்சியம் பெட்டியின் அடியில் மண்டியாகத் தங்கிவிடும். நன்றாகக் குலுக்கியும் முழுசாகக் கலக்காத பெட்டிகள் இருக்கின்றன என்று சோதித்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். காலியான பெட்டி ஒன்றை நான் ஒருமுறை கத்தரித்துப் பார்த்தேன். அடியில் விரலால் வழிக்கிற அளவுக்கு வெள்ளைப் பசை! ஒரு வாரம் குடித்த கால்சியம் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஊற்றும் முன் அரை நிமிஷமாவது குலுக்குங்கள்.

டோஃபுவிலும் இதே கதைதான். கால்சியம் சல்பேட் போட்டுத் திரித்தது என்றால் 100 கிராமில் சில நூறு மில்லிகிராம் கிடைக்கும். மெக்னீசியம் குளோரைடு போட்டுத் திரித்ததில் அவ்வளவு இருக்காது. முழுச் சோயா பீன்ஸில் கால்சியத்தைக் கட்டிப்போடும் ஃபைடேட் நிறைய இருந்தும், உறிஞ்சப்படும் விகிதம் பாலுக்கு ரொம்பப் பின்னால் இல்லை. இது எனக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம்.

உங்களைக் கொஞ்சம் எச்சரிக்கவும் வேண்டும். பிரிட்டனில் 55,000 பேரை நீண்ட காலம் பின்தொடர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், விலங்கு உணவு எதையுமே தொடாதவர்களுக்கு, இறைச்சி சாப்பிடுபவர்களைவிட எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகம். இடுப்பு முறிவோ இரண்டு மடங்குக்கும் மேல். எடை குறைவு, கால்சியம், புரதக் குறைவு எல்லாம் அதில் ஒரு பங்கு. வைட்டமின் டி, பி12 இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மாமியார் காலையில் தைராய்டு மாத்திரையைச் சோயா பாலோடு விழுங்குகிறார். "ரெண்டும் உடம்புக்கு நல்லது" என்கிறார். சொன்னால் கேட்பதில்லை.

இந்தப் பக்கத்தை மடித்து அவர் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். அம்மா, சோயா அந்த மாத்திரையை உடம்பில் முழுசாகச் சேரவிடாது. வெறும் வயிற்றில், தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள். சோயா பாலை நாலு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். பழக்கத்தை மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள். ஏனென்றால் இத்தனை நாள் சேராமல் போன மருந்து இனி முழுசாகச் சேரும். தைராய்டு மருந்து அளவுக்கு மிஞ்சினால் அதுவே எலும்பைக் கரைக்கும்.

கேள்வி: சாப்பாட்டில் போதவில்லை என்று ஐசோஃப்ளேவோன் கேப்சூல் வாங்கலாமா?

நான் வாங்க மாட்டேன். 2011இல் மியாமியில் 45 முதல் 60 வயதுவரை உள்ள 248 பெண்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பாதிப் பேருக்குத் தினம் 200 மில்லிகிராம் ஐசோஃப்ளேவோன், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை, இரண்டு வருஷம். தினமும் சோயா சாப்பிடும் ஜப்பானியர்களுக்கு உணவிலிருந்து கிடைப்பதே 30 முதல் 50 மில்லிகிராம்தான். அவ்வளவு கொடுத்தும் முதுகெலும்பு அடர்த்தி ஐசோஃப்ளேவோன் சாப்பிட்டவர்களுக்கு இரண்டு சதவீதம் குறைந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 2.3 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மிச்சமானது மலச்சிக்கல். உடம்பு குப்பென்று சூடாவதைக் குறைக்கும் என்று நம்பிச் சாப்பிட்டவர்களுக்கு அதுவும் கூடுதலாகத்தான் இருந்தது.

சுத்தமான ஜெனிஸ்டீன் 54 மில்லிகிராம் கொடுத்த இத்தாலிய ஆய்வு 2007இல் நல்ல பலன் காட்டியது, அதை மறைக்கவில்லை. ஆனால் கடையில் கிடைக்கும் கலவை அது இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எலும்பு அடர்த்திக்கு ஐசோஃப்ளேவோன் உதவும் என்ற விளம்பர வாசகத்தை ஏற்க மறுத்துவிட்டது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் கேப்சூலைத் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கேள்வி: 2003இல் இதே பத்தியில் "சோயா எலும்புக்குக் கேடயம்" என்று எழுதியவர் நீங்கள்தானே? ஜெராக்ஸ் இணைத்திருக்கிறேன். இப்போது மாற்றிப் பேசுகிறீர்களே?

நான்தான். பத்திரமாக வைத்திருந்ததற்கு நன்றி. பக்கத்தில் அச்சான என் போட்டோவில் தலைமுடி முழுக்கக் கறுப்பு.

அந்த வரியை எழுதியபோது என் கையில் இருந்தது அந்த 66 பேர் ஆய்வும் அதைப் போன்ற இன்னும் சிலவும். ஆறு மாதக் கணக்கை வைத்துக் கேடயம் என்று சொல்லியிருக்கக் கூடாது. எலும்பு ஒரு சுற்று இடிந்து கட்டி முடியவே சில மாதம் ஆகிறது. எழுதியதோடு நிற்காமல் நானும் தினம் காலையில் ஒரு டம்ளர் சோயா பால் குடித்தேன், ஏறக்குறைய ஒன்பது வருஷம். 2012இல், 53 வயதில், குளியலறை ஈரத்தில் சறுக்கி விழுந்தபோது கையை ஊன்றினேன். வலது மணிக்கட்டு போய்விட்டது. ஸ்கேனில் -2.7. சோயா குடிக்காமல் இருந்திருந்தால் இரண்டு கையும் உடைந்திருக்கும் என்று என் தம்பி இன்றைக்கும் சொல்வான். அப்படிப் பேச ஆரம்பித்தால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம்.

அதற்கப்புறம் ஐந்து வருஷம் எலும்புப்புரைக்கான அலெண்ட்ரோனேட் மாத்திரை, வாரம் ஒன்று, வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, அரை மணி நேரம் படுக்காமல். அந்த நாட்களில் மட்டும் சோயா பாலைப் பிற்பகலுக்குத் தள்ளிவிடுவேன், அதிலுள்ள கால்சியம் மருந்தைச் சேரவிடாது என்பதால். ஆமாம், இன்றும் குடிக்கிறேன். ருசி பழகிவிட்டது, ஏழு கிராம் புரதமும் கிடைக்கிறது. குளியலறையில் இப்போது கைப்பிடி பொருத்தியிருக்கிறேன்.

கேள்வி: டோஃபுவை வறுத்தால் கால்சியம் போய்விடுமா?

போகாது. கால்சியம் தாது, தீயில் அழியாது. புரதமும் எங்கும் போகாது. எண்ணெயை மட்டும் அளந்து ஊற்றுங்கள்.